பொதுச்சொத்தான படங்களுக்கு யார் வழக்காடுவது?



கரோல் ஹைஸ்மித் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞரின் அறக்கட்டளைக்கு 2015 டிசம்பரில் ஒரு கடிதம் வந்தது. உங்கள் இணையதளத்தில் ஒரு புகைப்படத்தை உரிமம் வாங்காமல் பயன்படுத்தியிருக்கிறீர்கள், 120 டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொள்ளுங்கள் என்பது கடிதத்தின் சாரம். அலாமி என்ற பட விற்பனை நிறுவனத்தின் சார்பில் வசூல் வேலை பார்க்கும் ஓர் அமைப்பு அதை அனுப்பியிருந்தது. அந்தப் படத்தை எடுத்தவரே ஹைஸ்மித்தான். எடுத்ததோடு, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று நாட்டுக்குக் கொடுத்தும் விட்டிருந்தார். கொடுத்தவரிடமே வாடகை கேட்டு வந்த கடிதம் அது.

இன்றைய பேச்சு முழுவதையும் இந்த ஒரு கடிதத்தை வைத்தே என்னால் பேசிவிட முடியும். ஏனென்றால், அதற்குப் பிறகு நடந்தவை கடிதத்தைவிடக் கவலை தருபவை.

ஹைஸ்மித் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1980 வாக்கில் வாஷிங்டனில் வில்லார்ட் என்ற பழம்பெரும் ஹோட்டல் பாழடைந்து மூடிக் கிடந்தது. அதைப் படமெடுக்கப் போனவர் இவர். கட்டடத்தைப் பழையபடி சீரமைக்க வேண்டுமென்றால் அது முன்பு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமல்லவா? அதைக் காட்டுவதற்கு, பிரான்சஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் என்ற பெண் புகைப்படக் கலைஞர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த படங்கள் கைகொடுத்தன. அவை லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பத்திரமாக இருந்தன. அங்கே இருந்ததால்தான் கிடைத்தன. அந்த அம்மையாரின் வழியிலேயே தானும் போவது என்று ஹைஸ்மித் முடிவெடுத்தார். ஊர் ஊராகச் சென்று சாலைகள், உணவகங்கள், தேவாலயங்கள், விளம்பரப் பலகைகள், வயல்கள், மனிதர்கள் என்று அமெரிக்காவின் 50 மாநிலங்களையும் படமெடுத்தார். எடுத்தவற்றை அதே நூலகத்துக்குத் தொகுதி தொகுதியாகக் கொடுத்தார். ஆயிரக்கணக்கான படங்கள். நல்ல விலைக்கு விற்றிருக்கக்கூடியவை. பதிப்புரிமையை வைத்துக்கொள்ளாமல் பொதுமக்களுக்கு என்று எழுதிக் கொடுத்தார். என் பெயரைப் போடுங்கள் என்பதைத் தவிர அவர் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை.

கடிதம் வந்த பிறகு அவர் தேடிப் பார்த்தார். கெட்டி இமேஜஸ் என்ற மிகப் பெரிய பட நிறுவனத்தின் தளத்தில் அவருடைய படங்கள் 18,755 இருந்தன. ஒவ்வொன்றுக்கும் உரிமக் கட்டணம். பெயர் போடும் இடத்தில் நிறுவனங்களின் பெயர். 2016 ஜூலையில் அவர் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தார். பதிப்புரிமை பற்றிய பொய்த் தகவலைப் படத்தோடு இணைப்பதும், உண்மைத் தகவலை நீக்குவதும் அமெரிக்கச் சட்டப்படி தவறு. அப்படிச் செய்யப்பட்ட ஒவ்வொரு படத்துக்கும் 25,000 டாலர் வரை இழப்பீடு கேட்கலாம். 18,755 படங்களுக்குக் கணக்குப் போட்டால் 46 கோடியே 88 லட்சம் டாலருக்கு மேல் வருகிறது. மூன்று ஆண்டுகளுக்குள் அதே தவறை மறுபடியும் செய்தவரானால் மூன்று மடங்காக விதிக்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. அதனால் அவர் 100 கோடி டாலர் கேட்டார். பத்திரிகைகள் அந்தத் தொகையைத் தலைப்பில் போட்டன. உலகமே திரும்பிப் பார்த்தது.

வழக்கு நிற்கவில்லை. நீதிபதி ஜெட் ராக்கோஃப் அதே ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழ் வந்த கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்தார். மாநிலச் சட்டத்தின் கீழ் எஞ்சியிருந்த கொஞ்சத்தை இரு தரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டன. நிறுவனங்களின் வாதம் எளிமையானது. படங்கள் பொதுச்சொத்து, பொதுச்சொத்தை யாரும் விற்கலாம், இந்த அம்மையாருக்கு இப்போது அதில் எந்த உரிமையும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் சட்டப்படி சரி. அவர் கொடுத்துவிட்டார். கொடுத்தவர் உடைமையாளர் அல்லர். உடைமையாளர் அல்லாதவர் வழக்காட முடியாது. அப்படியானால் யார் வழக்காடலாம்? பொதுமக்கள் அனைவரும் உடைமையாளர்கள். ஆனால் பொதுமக்கள் அனைவரும் என்று ஒரு வாதி எந்த நீதிமன்றத்தின் படியும் ஏறி வருவதில்லை.

மூன்று ஆண்டுகளுக்குள் அதே தவறு என்றேனே, அந்த முந்தைய வழக்கையும் சொல்ல வேண்டும். 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டி நாட்டில் பூகம்பம் வந்தது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் அப்போது இருந்த டேனியல் மோரெல் என்ற ஹைட்டியப் புகைப்படக் கலைஞர், இடிபாடுகளுக்கு நடுவே படமெடுத்து ட்விட்டர் வழியாக வெளியிட்டார். பிரெஞ்சுச் செய்தி நிறுவனமான ஏஎஃப்பி அவற்றை அனுமதியின்றி எடுத்து விநியோகித்தது. கெட்டியும் விநியோகித்தது. மோரெல் போராடினார். 2013 நவம்பரில் ஜூரி அவருக்கு ஏறத்தாழ 12 லட்சம் டாலர் இழப்பீடு அளித்தது. நான் அதைக் கொண்டாடுகிறேன். பூகம்பத்துக்கு நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்த படம் அது. அதற்குரிய கூலியும் பெயரும் அவருக்குத்தான் சேர வேண்டும்.

இந்த இரண்டு வழக்குகளும் நடந்தது ஒரே இடத்தில், மன்ஹாட்டனில் உள்ள நியூயார்க் தெற்கு மாவட்ட நீதிமன்றத்தில். எதிர்த் தரப்பில் இருந்த பெரிய நிறுவனமும் ஒன்றே. தன் படத்தைத் தனக்கென்று வைத்திருந்தவர் வென்றார். தன் படத்தை எல்லோருக்கும் கொடுத்தவர் தோற்றார். பதிப்புரிமைச் சட்டம் இருக்கும் பல நாடுகளில் இந்தப் பள்ளம் இருக்கிறது. ஒருவருக்குச் சொந்தமானதை எடுத்தால் தண்டிக்கச் சட்டத்துக்குப் பல கைகள் உண்டு. எல்லோருக்கும் சொந்தமானதை வளைத்துக்கொண்டால் கேட்க ஒரு கைகூட ஒழுங்காக இல்லை.

நம் ஊரில் புறம்போக்கை ஒருவர் வளைத்துப் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். சென்னை மாகாணத்தில் 1905லேயே நில ஆக்கிரமிப்புச் சட்டம் வந்துவிட்டது. அடங்கலில் அரசுப் புறம்போக்கு என்று எழுதியிருக்கிறது. ஊரில் யார் வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாம். தாசில்தார் நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம். நடைமுறையில் எத்தனை குளங்கள் தப்பின, எத்தனை தப்பவில்லை என்பது வேறு கதை. கேட்பதற்கு ஒரு பதிவேடும் ஓர் அதிகாரியுமாவது இருக்கிறார்கள். பொதுவான படங்களுக்கு அந்தப் பதிவேடும் இல்லை, அந்த அதிகாரியும் இல்லை.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கத்தான் செய்கிறது. பொய் என்று தெரிந்தே ஏமாற்றும் நோக்கத்தோடு பதிப்புரிமை அறிவிப்புப் போட்டால் 2,500 டாலர் வரை அபராதம். ஆனால் அது குற்றவியல் பிரிவு. அரசு வழக்கறிஞர்தான் வழக்குத் தொடர வேண்டும். பாதிக்கப்பட்ட ஆசிரியரோ பதிப்பாளரோ அந்தப் பிரிவைக் காட்டி இழப்பீடு கேட்க முடியாது. ஜேசன் மஸோன் என்ற சட்டப் பேராசிரியர் 2006இல் இந்த ஓட்டையைப் பற்றி விரிவாக எழுதினார், பிறகு அதை நூலாகவும் கொண்டுவந்தார். சட்டத்தில் மாற்றம் எதுவும் வரவில்லை.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பெரிய பட நிறுவனம் ஒன்று தன் தளத்தில் கோடிக்கணக்கான படங்களை வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் அதுவே எடுக்கவில்லை. சிறு ஏஜென்சிகளும் தனிநபர்களும் மூட்டை மூட்டையாக ஏற்றுகிறார்கள். நூலகங்களும் அருங்காட்சியகங்களும் இலவசமாக வைத்திருக்கும் படங்களை இறக்கி இந்த மூட்டையில் சேர்த்துவிடுவது சில நிமிட வேலை. ஏற்றிய கணமே மென்பொருள் எல்லாப் படங்களுக்கும் ஒரே மாதிரி வாட்டர்மார்க்கையும், ஒரே மாதிரி உரிம வாசகத்தையும், விலைப் பட்டியலையும் இணைத்துவிடுகிறது. நேற்று எடுத்த கிரிக்கெட் படத்துக்கும் 1860இல் எடுத்த போர்க்களப் படத்துக்கும் ஒரே முத்திரை. அதன் பிறகு வேறொரு மென்பொருள் இணையம் முழுக்கச் சுற்றி, ஒரே மாதிரி இருக்கும் படங்களைக் கண்டுபிடிக்கிறது. கண்டுபிடித்த இடத்துக்கெல்லாம் கடிதம் போகிறது. இந்தச் சங்கிலியில் எந்த இடத்திலும் ஒரு மனிதர் உட்கார்ந்து, இந்தப் படம் உண்மையில் யாருடையது என்று கேட்பதில்லை. கேட்டால் செலவு. கேட்காமல் விட்டால் வரவு.

கேட்கும் தொகையும் யோசித்து வைத்த தொகைதான். 120 டாலர். வக்கீலைப் பார்க்கப் போனால் அதைவிடப் பல மடங்கு ஆகும். ஒரு சிற்றிதழ் ஆசிரியருக்கோ ஊர்ப்பக்கப் பள்ளி ஒன்றுக்கோ ஆங்கிலத்தில் சட்டச் சொற்களோடு இப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் என்ன செய்வார்கள்? பாதிப் பேர் பயந்து பணம் கட்டுவார்கள். மீதிப் பேர் படத்தை எடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. கட்டிய பணம் ஒரு முறை போகிறது. எடுத்துவிட்ட படமோ அந்த இதழிலிருந்தும், அந்தப் பாடத்திலிருந்தும், அடுத்து அதைப் பார்த்திருக்கக்கூடிய பிள்ளையின் கண்ணிலிருந்தும் போய்விடுகிறது.

பொதுச்சொத்தை விற்பதே தவறு என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். பாரதியின் பாடல் உரிமையை 1949இல் அரசு வாங்கியது, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கியது. இன்று எத்தனையோ பதிப்பகங்கள் பாரதியை விலைபோட்டு விற்கின்றன. தாளுக்கும் அச்சுக்கும் பிழைதிருத்தத்துக்கும் விலை உண்டு, அதில் எந்தத் தவறும் இல்லை. பழைய படங்களும் அப்படித்தான். ஓட்டோ பெட்மன் என்ற ஜெர்மானிய யூதர், நாஜிகளிடமிருந்து தப்பி 1935இல் பெர்லினிலிருந்து நியூயார்க்குக்குப் பெட்டி நிறையப் படங்களோடு வந்து தொடங்கிய சேகரிப்பு, பிற்காலத்தில் ஒரு கோடிக்கு மேல் வளர்ந்தது. 1995இல் அதை பில் கேட்ஸின் கோர்பிஸ் நிறுவனம் வாங்கியது. நெகட்டிவ்கள் அழுகாமல் இருக்க, பென்சில்வேனியாவில் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் குளிரூட்டி வைத்தார்கள். அந்தக் குளிரூட்டலுக்குக் காசு வேண்டும். கண்ணாடித் தகட்டைக் கவனமாக எடுத்து, தூசு தட்டி, ஸ்கேன் செய்து தருகிறவருக்குக் கூலி வேண்டும். சேவைக் கட்டணம் என்று எழுதி வாங்கட்டும், நான் மகிழ்ச்சியோடு கொடுப்பேன். அந்தக் கட்டணத்துக்கு உரிமக் கட்டணம் என்று பெயர் வைத்து, எங்களைக் கேட்காமல் உலகில் எவரும் இதை அச்சிடக் கூடாது என்று சொல்லும்போதுதான் பொய் தொடங்குகிறது.

நாங்கள் உழைத்து ஸ்கேன் செய்தோம், ஆகவே புதிய உரிமை பிறந்துவிட்டது என்ற வாதமும் உண்டு. அதற்கும் அதே மன்ஹாட்டன் நீதிமன்றம் 1999லேயே விடை சொல்லிவிட்டது. லண்டனின் பிரிட்ஜ்மன் ஆர்ட் லைப்ரரி, கோரல் என்ற கனடா மென்பொருள் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. பழைய ஓவியங்களை நாங்கள் படமெடுத்து வைத்திருக்கிறோம், அந்தப் படங்களைக் கோரல் குறுந்தட்டில் போட்டு விற்கிறது என்பது குற்றச்சாட்டு. நீதிபதி லூயிஸ் கேப்லன் ஏற்கவில்லை. ஓவியத்தை அப்படியே நகலெடுக்கத் திறமையும் உழைப்பும் தேவைதான், ஆனால் அப்படியே நகலெடுப்பதுதான் நோக்கம் என்றால் அதில் புதிய படைப்பு எதுவும் இல்லை என்றார். ஐரோப்பா இந்த இடத்துக்கு வர இன்னும் 20 ஆண்டுகள் ஆயின. ஜெர்மனியின் மன்ஹைம் நகர அருங்காட்சியகம் ஒன்று, தன்னிடமுள்ள பழைய ஓவியங்களின் படங்களை ஒருவர் விக்கிமீடியாவில் போட்டதற்காக வழக்குத் தொடுத்து, 2018 டிசம்பரில் அந்நாட்டு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. அதற்கு நான்கே மாதங்களில், 2019 ஏப்ரலில், ஐரோப்பிய ஒன்றியம் தன் புதிய பதிப்புரிமை நெறிமுறையில் 14ஆம் பிரிவைச் சேர்த்தது. காலம் முடிந்த காட்சிக்கலைப் படைப்பின் நகலுக்குப் புதிய உரிமை கிடையாது, நகலில் அதை எடுத்தவரின் சொந்தப் படைப்பாற்றல் இருந்தாலொழிய. இந்தியாவிலும் உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில், வெறும் உழைப்பும் செலவும் மட்டுமே பதிப்புரிமையைத் தந்துவிடாது, கொஞ்சமாவது படைப்பாற்றல் வேண்டும் என்று சொன்னது. அது தீர்ப்புத் தொகுப்புகள் பற்றிய வழக்கு. ஆனாலும் பழைய படத்தை ஸ்கேனரில் வைத்துப் பொத்தானை அழுத்துகிறவருக்கும் அந்த அளவுகோல் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.

கொடுத்தவர், வாங்கியவர் என்று பேசும்போது படத்தில் இருப்பவரை மறந்துவிடுகிறோம். புலம்பெயர்ந்த தாய் என்று உலகம் அறிந்த படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கன்னத்தில் கைவைத்தபடி தொலைவைப் பார்க்கும் ஒரு பெண், இரு தோள்களிலும் முகம் புதைத்த பிள்ளைகள். 1936இல் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்கும் கூலித் தொழிலாளர் முகாமில் டொரோத்தியா லாங் எடுத்தது. லாங் அப்போது அரசு வேலையில் இருந்தார். அமெரிக்க மத்திய அரசு ஊழியர் பணியில் எடுக்கும் படத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, ஆகவே அது முதல் நாளிலிருந்தே மக்கள் சொத்து. படத்தில் இருந்தவர் ஃபுளோரன்ஸ் ஓவென்ஸ் தாம்ப்சன். அவர் இன்னார் என்பதே 1978இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்குக் காசு எதுவும் கிடைக்கவில்லை என்று அவர் வருந்தினார். 1983இல் நோயுற்றபோது அவருடைய பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு இறந்தார். நாடாளுமன்ற நூலகம் அந்தப் படத்தின் பெரிய கோப்பை இன்றும் இலவசமாகத் தருகிறது. அதே படத்தை வாட்டர்மார்க்கோடு வணிகத் தளங்களிலும் பார்க்கலாம். அங்கே கட்டும் பணத்தில் ஒரு காசும் லாங்கின் குடும்பத்துக்கோ தாம்ப்சனின் குடும்பத்துக்கோ போவதில்லை. கலைஞர்களின் வயிற்றுப்பாட்டுக்காகத்தான் பதிப்புரிமை என்று சொல்லும்போது, இந்தப் பணம் எந்த வயிற்றுக்குப் போகிறது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

சில சமயம் இந்த இயந்திரம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். 2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் இறங்கியது. நாசா தன் சொந்தக் காணொளியை யூடியூபில் போட்டது. சிறிது நேரத்தில் காணொளி நீக்கப்பட்டது, ஸ்கிரிப்ஸ் என்ற செய்தி நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கையைக் காரணம் காட்டி. நாசாவிடமிருந்து செய்திக்காக எடுத்த காட்சியை, தானியங்கி ஏற்பாடு அந்த நிறுவனத்தின் சொத்தாகப் பதிந்துகொண்டு, பிறகு நாசாவையே திருடர் பட்டியலில் சேர்த்திருந்தது. ஸ்கிரிப்ஸ் மன்னிப்புக் கேட்டது, காணொளி திரும்ப வந்தது. நாசாவுக்கு உடனே பதில் கிடைக்கும். உங்களுக்கும் எனக்கும்?

சீனாவில் நடந்தது இன்னும் பெரியது. 2019 ஏப்ரல் 10 அன்று, மனித குலம் முதன்முதலில் ஒரு கருந்துளையின் படத்தைப் பார்த்தது. பல நாட்டு அறிவியலாளர்கள் பூமியெங்கும் இருந்த தொலைநோக்கிகளை ஒன்றாக இணைத்து, 5.5 கோடி ஒளியாண்டு தொலைவிலிருந்து பிடித்த படம். எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும், யாரும் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையில் வெளியிட்டார்கள். விஷுவல் சைனா குரூப் என்ற பெரிய பட நிறுவனம் அதைத் தன் தளத்தில் தன் முத்திரையோடு வைத்து, வணிகப் பயன்பாட்டுக்கு எங்களைத் தொடர்புகொள்ளுங்கள் என்று எழுதியது. மக்கள் கொதித்தார்கள். தோண்டத் தோண்ட, சீனாவின் தேசியக் கொடியும் அரசுச் சின்னமும்கூட அந்தத் தளத்தில் விற்பனைக்கு இருந்தது தெரிந்தது. கம்யூனிஸ்ட் இளைஞர் கழகமே பொதுவெளியில் கேள்வி கேட்டது. தியான்ஜின் நகர இணைய ஒழுங்கு அதிகாரிகள் நிறுவனத்தை அழைத்து விசாரித்தார்கள். தளம் மூடப்பட்டது, பங்கு விலை சரிந்தது, 3 லட்சம் யுவான் அபராதம் விதிக்கப்பட்டது. ஒரே மாதத்தில் தளம் மறுபடியும் திறந்தது. பல ஆண்டுகளாகச் சிறிய இணையதளங்களை நோட்டீஸ் அனுப்பி மிரட்டுவதாக அந்த நிறுவனத்தின் மீது புகார் இருந்தது. அப்போதெல்லாம் எழாத அரசு, கொடி என்றதும் எழுந்தது. சாதாரண மனிதரின் பொதுச்சொத்துக்கு இந்த வேகம் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

நம் நாட்டு நிலைக்கு வருகிறேன். இங்கே அரசு எடுக்கும் படம் அமெரிக்காவைப் போல முதல் நாளே மக்களுடையது ஆகாது. வெளியிட்ட ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அரசிடம் உரிமை இருக்கும். நம் வரிப்பணத்தில் எடுத்த படத்தை நம் பிள்ளைகளின் பாடநூலில் போட அனுமதி கேட்க வேண்டியிருப்பது மாற வேண்டும். மற்றப் புகைப்படங்களுக்கு முன்பு வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டுகள் என்று இருந்தது. 2012இல் சட்டத்தைத் திருத்தி, புகைப்படக் கலைஞரின் ஆயுள் காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் என்று நீட்டினார்கள். நீட்டுவதற்கு முன்பே காலம் முடிந்துவிட்ட படங்கள் முடிந்தவைதான். அதாவது, 1951 முடிய இந்தியாவில் வெளியான புகைப்படங்கள் பொதுச்சொத்து. விடுதலைப் போராட்டம், முதல் சுதந்திர நாள், பிரிவினை எல்லாம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுகின்றன. இதழ் நடத்துகிறவர்கள் இந்த ஆண்டை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

லின்னியஸ் டிரைப் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி, சென்னை அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு, 1858இல் மதுரையையும் தஞ்சையையும் ஸ்ரீரங்கத்தையும் புதுக்கோட்டையையும் படமெடுத்தார். மெழுகு தடவிய காகித நெகட்டிவ்கள். கேமராவும் ரசாயனங்களும் மாட்டு வண்டியில் போன காலம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். திருமலை நாயக்கர் மகால் சீரமைப்புக்கு முன் எப்படிச் சிதைந்து நின்றது என்பதை அவர் படங்களில் பார்க்க முடிகிறது. டிரைப் 1902இல் இறந்தார். உலகின் எந்தச் சட்டப்படியும் இந்தப் படங்களுக்கு உரிமையாளர் இன்று இல்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் தன்னிடமிருந்த ஏறத்தாழ 3,75,000 பொதுச்சொத்துப் படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியம் அதற்கும் முன்பே திறந்தது. பிரித்தானிய நூலகம் 2013இல் பழைய நூல்களிலிருந்து பத்து லட்சம் படங்களை வெளியிட்டது. நூலகம் நல்ல தரத்தில் வாசல் திறந்து வைக்கும் இடத்தில், பொய்யாக உரிமை கோருகிறவரின் கடை படுத்துவிடுகிறது. மங்கலான சிறிய படத்தை மட்டும் காட்டி நல்லதைப் பூட்டி வைக்கும் நூலகம், தெரிந்தோ தெரியாமலோ அந்தக் கடைக்கு வாடிக்கையாளரை அனுப்பிவைக்கிறது. நம் அரசு அருங்காட்சியகங்களையும் ஆவணக் காப்பகங்களையும் நான் இங்கே நேராகவே கேட்கிறேன். உங்களிடம் இருக்கும் 19ஆம் நூற்றாண்டுப் படங்களைப் பெரிய கோப்பாக, முத்திரை இல்லாமல், எடுத்தவர் பெயரோடு வெளியிடுங்கள்.

நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் பதில் எழுதுங்கள். எடுத்தவர் யார், எந்த ஆண்டு வெளியானது, உங்கள் கைக்கு உரிமை எந்த ஆவணத்தின் வழி வந்தது என்று கேளுங்கள். உண்மையான உரிமையாளராக இருந்தால் காட்டுவார், அப்போது மரியாதையாகக் கட்டிவிடுவதுதான் நியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. காட்ட முடியாதவரிடம் நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவைச் சொல்லுங்கள். ஆதாரமின்றி வழக்குப் போடுவேன் என்று மிரட்டுகிறவருக்கு எதிராக, மிரட்டப்பட்டவரே நீதிமன்றம் போகலாம். நான் மீறல் எதுவும் செய்யவில்லை என்று அறிவிக்கக் கேட்கலாம், மிரட்டலை நிறுத்தத் தடை கேட்கலாம், நஷ்டஈடும் கேட்கலாம். ஹைஸ்மித்துக்கு அமெரிக்காவில் கிடைக்காத படிக்கட்டு இது. மிரட்டியவர் முந்திக்கொண்டு வழக்குத் தொடுத்து முறையாக நடத்தினால் இந்தப் பிரிவு பயன்படாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் 120 டாலர் கேட்டுக் கடிதம் போடுகிறவர்கள் வழக்குத் தொடுப்பதற்காகக் கடிதம் போடுவதில்லை. 1957 முதல் சட்டப் புத்தகத்தில் இருக்கும் இந்தப் பிரிவை நம் சிறு பதிப்பாளர்கள் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. பதிப்பாளர் சங்கங்கள் ஒரு பதில் கடித மாதிரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி உறுப்பினர்களுக்குக் கொடுத்தால் ஒரு மாலை நேர வேலைதான்.

கடைசியாக, கொடுக்க நினைப்பவர்களுக்கு. தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடிவருகின்றன. கண்ணாடி நெகட்டிவ்கள் பரணில் கிடக்கின்றன, சில பழைய சாமான் கடைக்குப் போகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில், பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, அப்படிப்பட்ட ஸ்டுடியோ படங்களைத் தேடி ஸ்கேன் செய்து காப்பாற்றும் வேலை நடந்தது. இதுபோல் இன்னும் பல இடங்களில் நடக்க வேண்டும். கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். ஆனால் ஹைஸ்மித்துக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். நம் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி படைப்பாளி தன் உரிமையைப் பதிப்புரிமைப் பதிவாளருக்கு அறிவித்தோ பொது அறிவிப்பாகவோ விட்டுக்கொடுக்கலாம். 57ஆம் பிரிவின்படி, உரிமையை மாற்றிக் கொடுத்த பிறகும், இது என் படைப்பு என்று சொல்லும் உரிமை படைப்பாளியிடம் தனியே இருக்கிறது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்து, முழுவதையும் விடுவதா, அல்லது எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், வேறு எவரும் உரிமை கோரக் கூடாது என்ற நிபந்தனையோடு பதிப்புரிமையை நூலகத்தின் பெயரில் வைப்பதா என்று முடிவு செய்யுங்கள். என் விருப்பம் இரண்டாவது வழி. அப்போது யாராவது வளைக்க வந்தால், நீதிமன்றத்தில் எழுந்து நிற்க ஒரு வாதி இருப்பார். நூலகத்தின் கடமையாக அதைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

குடும்ப ஆல்பமோ ஸ்டுடியோ நெகட்டிவோ வைத்திருப்பவர்கள் இந்த அரங்கில் இருந்தால், அந்தப் பத்திரத்தை எப்படி எழுதுவது என்று கூட்டம் முடிந்ததும் இங்கேயே உட்கார்ந்து பேசலாம்.